எலக்ட்ரான் நுண்ணோக்கி சாம்பிளுக்கு எந்தக் கோட்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலக்ட்ரான் நுண்ணோக்கி வாங்க மாதக்கணக்கில் யோசிக்கிற ஆய்வகங்கள், அதன் பக்கத்தில் வைக்கப்போகும் கோட்டரைக் கடைசி நேரத்தில் அவசரமாக முடிவு செய்வது வழக்கம். ஆனால் சாம்பிளின் மேல் படிகிற படலம் கரடுமுரடாக இருந்தால், எவ்வளவு நல்ல நுண்ணோக்கியும் அந்தப் படலத்தைத்தான் படம் பிடிக்கும். வெற்றிடத்தில் சில நானோமீட்டர் தடிமனுக்கு உலோகத்தையோ கார்பனையோ படியவைக்கும் கருவியைத்தான் இங்கே கோட்டர் என்கிறோம். அதைத் தேர்ந்தெடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

எல்லா சாம்பிளுக்கும் கோட்டிங் தேவையா?

தேவையில்லை. உலோகம், கிராஃபைட் போன்றவை மின்சாரத்தைக் கடத்தும். அவற்றை அப்படியே பார்க்கலாம். பாலிமர், பீங்கான், கண்ணாடி, பாறை, உலர்த்திய திசு, மகரந்தம் ஆகியவை கடத்தாது. எலக்ட்ரான் கற்றை விழுந்த இடத்திலேயே மின்னேற்றம் தேங்கி, படம் வெளுக்கும், நகரும், கோடு கோடாக வரும். இதுதான் சார்ஜிங். மெல்லிய கடத்தும் படலம் ஒன்று இருந்தால், தேங்கும் மின்னேற்றம் ஸ்டப் (சாம்பிளை ஒட்டிவைக்கும் சிறு உலோகத் தாங்கி) வழியாக இறங்கிவிடும். படலம் கன உலோகமாக இருந்தால், கற்றை மோதுவதால் பரப்பிலிருந்து கிளம்பிப் படத்தை உருவாக்கும் இரண்டாம் நிலை எலக்ட்ரான்களும் கூடும், படத்தில் இரைச்சல் குறையும்.

கோட் செய்வதற்கு முன் இரண்டு வழிகளை முயன்று பார்க்கலாம். ஒன்று, முடுக்கு மின்னழுத்தத்தை 1 கிலோவோல்ட் அளவுக்குக் குறைப்பது. இன்னொன்று, நுண்ணோக்கியில் குறை வெற்றிட முறை (சாம்பிளைச் சுற்றிச் சிறிது வாயுவை விட்டுப் பார்ப்பது) இருந்தால் அதைப் பயன்படுத்துவது. உங்கள் வேலையில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும் என்றால் கோட்டரில் பெரிதாகச் செலவு செய்ய வேண்டாம்.

இன்னொரு விஷயம். கோட் செய்த பிறகும் சார்ஜிங் வருகிறது என்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் கோட்டர் இல்லை. சாம்பிளின் மேல்பகுதியில் படலம் இருக்கும், செங்குத்தான பக்கங்களில் இருக்காது; மின்னேற்றம் இறங்க வழி இல்லை. மேல்விளிம்பிலிருந்து ஸ்டப் வரை ஒரு கோடு சில்வர் பெயின்ட் இழுத்தால் சரியாகிவிடும்.

எதிலிருந்து தொடங்கித் தேர்ந்தெடுப்பது?

சாம்பிளிலிருந்துதான். கருவியின் விவரப் பட்டியலைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எத்தனை மடங்கு பெருக்கத்தில் படம் எடுக்கிறீர்கள்? படம் மட்டும் போதுமா, ஈ.டி.எஸ். (சாம்பிளிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை வைத்துத் தனிமங்களைக் கண்டறியும் முறை) மூலம் தனிமப் பகுப்பாய்வும் வேண்டுமா? சாம்பிள் வெப்பத்தையும் வெற்றிடத்தையும் தாங்குமா?

பெருக்கத்தை ஏன் முதலில் கேட்கிறேன் என்றால், அதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சாதாரண தங்கப் படலத்தின் துகள்கள் 5 நானோமீட்டருக்குக் குறையாமல் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 10,000 மடங்கு பெருக்கத்தில் அந்தத் துகள் படத்தில் 0.05 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. 1,00,000 மடங்கில் அதுவே அரை மில்லிமீட்டர். சாம்பிளின் மேற்பரப்பு முழுக்க வறண்ட குளத்து மண் போலத் திட்டுத் திட்டாகப் பிளந்து தெரியும். அதைச் சாம்பிளின் அமைப்பு என்று எண்ணி விளக்கம் எழுதுகிறவர்களும் உண்டு. ஆக, 20,000 மடங்கைத் தாண்டாத ஆய்வகத்துக்கும் 2,00,000 மடங்கில் வேலை செய்யும் ஆய்வகத்துக்கும் ஒரே கருவியைப் பரிந்துரைக்க முடியாது.

ஸ்பட்டர் முறை, ஆவியாக்கும் முறை: என்ன வேறுபாடு?

ஸ்பட்டரில் ஆர்கான் வாயுவை மின்னழுத்தத்தால் பிளாஸ்மாவாக்குகிறோம். ஆர்கான் அயனிகள் உலோகத் தகட்டில் மோதி அணுக்களை உதிர்க்கின்றன. இந்தத் தகட்டுக்கு டார்கெட் என்று பெயர். உதிர்ந்த அணுக்கள் வழியில் வாயு மூலக்கூறுகளோடு மோதிச் சிதறி, பல திசைகளிலிருந்து சாம்பிளை அடைகின்றன. அதனால் கரடான பரப்பிலும் ஓரளவு எல்லா இடத்திலும் படியும்.

ஆவியாக்கும் முறையில் கார்பனையோ உலோகத்தையோ மின்சாரத்தால் சூடாக்கி உயர் வெற்றிடத்தில் ஆவியாக்குகிறோம். அணுக்கள் நேர்கோட்டில் பயணிக்கும். மறைவான இடத்தில் படியாது. சில வேலைகளுக்கு இந்தக் குணமே வேண்டும். டி.என்.ஏ. இழைகளையோ வைரஸ்களையோ மிகத் தாழ்ந்த கோணத்திலிருந்து பிளாட்டினத்தால் நிழல் விழச் செய்வதற்கு ஆவியாக்கும் முறைதான் வேண்டும். ஸ்பட்டர் அதற்கு உதவாது.

பரப்பை வருடிப் படம் எடுக்கும் எஸ்.இ.எம். நுண்ணோக்கியின் வழக்கமான படங்களுக்கு ஸ்பட்டர். கார்பன் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆவியாக்கல்.

ரோட்டரி பம்ப் போதுமா, டர்போ பம்ப் வேண்டுமா?

விலையை இரண்டு மடங்காக்கக்கூடிய கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரோட்டரி பம்ப் மட்டும் உள்ள கோட்டர் 10⁻² மில்லிபார் சுற்றுவட்டத்தில் வேலை செய்யும். ஸ்பட்டர் நடக்கும் அழுத்தம் 0.05 முதல் 0.1 மில்லிபார் வரை. அந்த அழுத்தத்தில் ஓர் அணு மோதாமல் செல்லும் சராசரித் தூரம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். டார்கெட்டிலிருந்து சாம்பிளுக்கு வருவதற்குள் அது பலமுறை மோதி ஆற்றலை இழந்துவிடும். சேம்பரில் (சாம்பிள் இருக்கும் வெற்றிட அறையில்) மிச்சமிருக்கும் காற்றும் நீராவியும் வேறு படலத்தில் கலக்கும். தங்கமும் பிளாட்டினமும் ஆக்ஸிஜனோடு எளிதில் சேராத உலோகங்கள் என்பதால் இதைத் தாங்கிக்கொள்ளும். குரோமியம், டைட்டானியம், டங்ஸ்டன், அலுமினியம் தாங்காது; ரோட்டரி பம்ப் கோட்டரில் அவற்றை நல்ல உலோகப் படலமாகப் படியவைக்க முடியாது.

டர்போ பம்ப் சேம்பரை முதலில் 10⁻⁵ அல்லது 10⁻⁶ மில்லிபாருக்குக் கொண்டுபோகும். அதற்குப் பிறகு தூய ஆர்கானை உள்ளே விட்டு, 5×10⁻³ மில்லிபார் போன்ற குறைந்த அழுத்தத்தில் ஸ்பட்டர் செய்யலாம். வித்தியாசம் எவ்வளவு என்று புரிய ஒரு ஒப்பீடு: 10⁻⁶ மில்லிபாரில் ஒரு பரப்பின் மேல் மீதி வாயு ஓர் அடுக்கு சேர சில நொடிகள் ஆகும். 10⁻² மில்லிபாரில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நீங்கள் படியவைப்பது மொத்தமே பத்துப் பதினைந்து அணு அடுக்குகள் என்னும்போது இது பெரிய விஷயம்.

என் கணிப்பு இது. உயர் பெருக்கத்துக்கான ஃபீல்டு எமிஷன் எஸ்.இ.எம். வைத்திருப்பவர்கள், குரோமியமோ இரிடியமோ தேவைப்படுபவர்கள், டி.இ.எம். நுண்ணோக்கிக்கு (கற்றை சாம்பிளை ஊடுருவிச் செல்லும் வகை) கார்பன் படலம் செய்பவர்கள் டர்போவுக்குப் போகட்டும். சாதாரண டங்ஸ்டன் இழை எஸ்.இ.எம். வைத்துக்கொண்டு பாலிமர் உடைபரப்பும் தூள்களும் பார்க்கிற ஆய்வகத்துக்கு நல்ல ரோட்டரி பம்ப் கோட்டர் போதும். மிச்சப் பணத்தைத் தடிமன் அளவிக்குக் கொடுக்கலாம்.

எந்த உலோகம் நல்லது?

தங்கம் வேகமாகப் படியும், கருவிக்குத் தொல்லை தராது, இரண்டாம் நிலை எலக்ட்ரான்களை நிறையத் தரும். குறை, துகள் பெரிது. சூடாக இருக்கும் பரப்பில் அது இன்னும் பெரிய திட்டுகளாகத் திரளும். தங்கமும் பல்லேடியமும் கலந்த டார்கெட்டில் துகள் சிறுக்கும். 60:40, 80:20 என்ற விகிதங்களில் கிடைக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே டார்கெட்தான் வாங்க முடியும் என்றால் இதையோ பிளாட்டினத்தையோ வாங்கச் சொல்வேன். பிளாட்டினத்தில் துகள் 2, 3 நானோமீட்டர் அளவுக்கு இறங்கும். அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் இரிடியம் அல்லது குரோமியம்.

குரோமியத்துக்கு ஒரு தனிக் குணம். காற்றுப் பட்டால் ஆக்ஸைடாகிவிடும். கோட் செய்த அன்றே படம் எடுத்துவிட வேண்டும். ஆனால் அதன் அணு எண் 24 தான். செல்லின் மேல் தங்கத் துகள்களால் புரதங்களை அடையாளமிட்டு, கன அணுக்களைப் பளிச்சென்று காட்டும் பின்சிதறல் எலக்ட்ரான்களால் தேடுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். குரோமியப் பின்னணியில் 10 நானோமீட்டர் தங்கப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். அதே சாம்பிளைத் தங்கத்தால் கோட் செய்தால் தேடியதே தொலைந்துபோகும்.

நிக்கல், கோபால்ட் போன்ற காந்த உலோகங்களைக் கேட்டு வருவோரும் உண்டு. பெரும்பாலான கோட்டர்களில் டார்கெட்டுக்குப் பின்னால் காந்தம் இருப்பதால் அவற்றுக்கு மெல்லிய டார்கெட்டோ தனி அமைப்போ வேண்டும். நுண்ணோக்கிக்காக மட்டும் என்றால் அந்த வழிக்குப் போக வேண்டியதில்லை.

ஈ.டி.எஸ். பகுப்பாய்வும் செய்ய வேண்டும். அப்போது?

கார்பன். உலோகப் படலம் தன் எக்ஸ் கதிர்க் கோடுகளையும் நிறமாலையில் சேர்த்துவிடும். தங்கத்தின் கோடு 2.12 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் வரும், பாஸ்பரஸ் 2.01, கந்தகம் 2.31. மூன்றும் நெருங்கி நிற்கும். எலும்பிலோ பல்லிலோ பாஸ்பரஸ் தேடுகிறவர் தங்கத்தால் கோட் செய்தால் அவர் வேலையை அவரே கடினமாக்கிக்கொள்கிறார். பிளாட்டினத்தின் கோடு 2.05, பாஸ்பரஸுக்கும் சிர்கோனியத்துக்கும் இன்னும் அருகில். குரோமியத்தின் தாழ் ஆற்றல் கோடு 0.57, ஆக்ஸிஜனின் 0.525 மேல் ஏறி உட்காரும்.

கார்பன் கோடு 0.277இல் ஒதுங்கி நிற்கும். மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லை. சாம்பிளிலேயே கார்பனைத்தான் அளக்க வேண்டும் என்றால் மட்டும் வேறு வழி தேட வேண்டும். ஈ.டி.எஸ்.க்கு 10 முதல் 20 நானோமீட்டர் கார்பன் வழக்கம். ஈ.பி.எஸ்.டி. (பின்சிதறல் எலக்ட்ரான்களால் படிகங்களின் திசையை அறியும் முறை) செய்பவர்களுக்கு 2 முதல் 5 நானோமீட்டர். அதற்கு மேல் போனால், எலக்ட்ரான்களின் விளிம்பு விளைவால் திரையில் விழும் கோட்டு வடிவம் மங்கிவிடும்.

கார்பனில் நூல் வேண்டுமா, கம்பி வேண்டுமா?

கார்பன் நூல் எளிது. இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு துண்டைக் கட்டி மின்சாரம் செலுத்தினால் கண நேரத்தில் ஆவியாகும். ரோட்டரி பம்ப் கருவியிலும் ஒப்பேற்றலாம். ஆனால் தடிமனைக் கட்டுப்படுத்துவது கடினம், சிறு துணுக்குகள் சாம்பிளில் தெறித்து விழவும் செய்யும். ஈ.டி.எஸ்.க்கு இது போதும்.

கம்பியைக் கூராக்கி, இன்னொரு கம்பியின் முனையோடு அழுத்தி, மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாகக் கொடுத்து ஆவியாக்கினால் படலம் மென்மையாகவும் சீராகவும் வரும். 10⁻⁴ மில்லிபாரைவிட நல்ல வெற்றிடம் வேண்டும். டி.இ.எம். கிரிட்டுக்கான (சாம்பிளைத் தாங்கும் சிறு உலோக வலை) கார்பன் படலம் செய்ய இதுதான் சரி. எந்த முறையானாலும் ஆவியாகும்போது வரும் ஒளி கண்ணைக் கூசவைக்கும். கறுப்புக் கண்ணாடியோ மூடியோ இல்லாமல் உற்றுப் பார்க்கக் கூடாது.

தடிமனை எப்படித் தெரிந்துகொள்வது?

"30 மில்லி ஆம்பியர், 60 நொடி" என்று ஒரு சீட்டு பல கோட்டர்களின் மேல் ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டு எழுதிய அன்றைய டார்கெட், அன்றைய அழுத்தம், அன்றைய சாம்பிள் உயரம் மூன்றும் மாறாதவரை அது செல்லும். சாம்பிள் டார்கெட்டுக்குப் பக்கத்தில் வந்தாலே படியும் வேகம் கூடிவிடும். அதனால் உயரம் மாறுகிற சாம்பிள்களோடு வேலை செய்பவர்களுக்குக் குவார்ட்ஸ் படிகத் தடிமன் அளவி அவசியம் என்பேன்.

இந்த அளவி உண்மையில் தடிமனை அளக்கவில்லை, எடையை அளக்கிறது. படிகம் வழக்கமாக 6 மெகாஹெர்ட்ஸ் அளவில் அதிரும். அதன் மேல் படலம் படியப் படிய அதிர்வெண் குறையும். எடைக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1959இல் சாவர்பிரே வகுத்துக் காட்டினார். ஆகவே எந்தப் பொருளைப் படியவைக்கிறோமோ அதன் அடர்த்தியைக் கருவியில் சரியாகக் கொடுக்க வேண்டும். தங்கத்துக்கு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். கார்பனுக்கு மாறிய பிறகும் அதே எண் கிடந்தால், காட்டும் தடிமன் சுத்தமாகப் பொய். அப்புறம், படிகம் இருக்கும் இடமும் சாம்பிள் இருக்கும் இடமும் வேறு. அதைச் சரிக்கட்ட ஒரு திருத்தக் காரணி உண்டு. வாங்கும்போதே அதை எப்படி மாற்றுவது என்று காட்டச் சொல்லுங்கள்.

அளவி இல்லாதவர்களுக்குக் கார்பனில் ஒரு பழைய வழி இருக்கிறது. மெருகேற்றிய பித்தளைத் துண்டு ஒன்றைச் சாம்பிளின் பக்கத்தில் வையுங்கள். கார்பன் ஏற ஏற அதன் நிறம் மாறும்: சுமார் 15 நானோமீட்டரில் ஆரஞ்சு, 20இல் கருஞ்சிவப்பு கலந்த நீலம், 25இல் நீலம். தோராயம்தான், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு செய்வதைவிட எவ்வளவோ மேல்.

பொதுவான எஸ்.இ.எம். படங்களுக்கு 5 முதல் 10 நானோமீட்டர் போதும். உயர் பெருக்கத்துக்கு 1 முதல் 3. சந்தேகம் இருந்தால் குறைவாகவே படியவையுங்கள். போதாவிட்டால் மீண்டும் கோட் செய்யலாம், கூடிவிட்டால் எடுப்பது சிரமம்.

மேடு பள்ளமான, நுண்துளை உள்ள சாம்பிளுக்கு என்ன வேண்டும்?

சாய்ந்து சுழலும் மேடை. தட்டையாகச் சுழலும் மேடை சீர்மையைக் கூட்டும், ஆனால் பள்ளத்தின் சுவர்களை எட்டாது. இழைகள், நுரை, பூச்சியின் கால்மயிர் போன்றவற்றுக்கு ஸ்டப் சாய்ந்த நிலையில் தானும் சுற்றி மேடையோடும் சுற்ற வேண்டும். அப்போதும் ஆழமான துளைகளின் உள்ளே முழுமையாகப் படியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நுண்துளை சாம்பிளில் இன்னொரு சிக்கல், அது நீண்ட நேரம் வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். விவரப் பட்டியலில் "ஐந்து நிமிடத்தில் வெற்றிடம்" என்று இருப்பது காலி சேம்பருக்கு. ஈரம் மிச்சமுள்ள திசுவையோ ரெசினில் பதித்த பெரிய துண்டையோ வைத்தால் அரை மணி நேரம்கூட ஆகலாம். முதல்நாள் இரவே சாம்பிளை வெற்றிட டெசிக்கேட்டரில் (ஈரத்தை நீக்கும் மூடிய கலத்தில்) வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

வெப்பத்துக்குத் தாங்காத சாம்பிள்?

இன்றைய காந்தத் தலை கொண்ட ஸ்பட்டர் கோட்டர்கள், எலக்ட்ரான்களை டார்கெட்டின் அருகிலேயே பிடித்துவைப்பதால் சாம்பிள் அதிகம் சூடாகாது. காந்தமில்லாத பழைய வகையில் மெழுகும் மெல்லிய பாலிமரும் உருகியது உண்டு. குறைந்த மின்னோட்டம், இடையிடையே ஓய்வு, கொஞ்சம் கூடுதல் தூரம் இவை உதவும். கார்பன் கம்பியிலிருந்து வரும் வெப்பக் கதிர்வீச்சுதான் உண்மையில் கவலைப்பட வேண்டியது. அங்கே துடிப்பு முறையும் ஷட்டரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணெய் பம்பா, எண்ணெயில்லாத பம்பா?

ரோட்டரி பம்பின் எண்ணெய் ஆவி சிறிதளவு சேம்பருக்குள் திரும்பி வரும். அது சாம்பிளில் படிந்தால், நுண்ணோக்கியில் ஒரே இடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பெருக்கத்தைக் குறைக்கும்போது கறுப்புச் சதுரம் ஒன்று தெரியும். உயர் பெருக்க வேலைக்கு ஸ்க்ரோல் அல்லது டயஃப்ரம் பம்ப் நிம்மதி. எண்ணெய் பம்பே வாங்கினாலும் இடையில் ஒரு வடிகட்டியும், மின்சாரம் போனால் தானே மூடும் வால்வும் இருக்கட்டும். அந்த வால்வு இல்லாத கருவியில், சேம்பர் வெற்றிடத்தில் இருக்கும்போது பம்ப் நின்றுவிட்டால் எண்ணெய் குழாயில் ஏறி உள்ளே வந்துவிடும்.

ஆர்கான் இல்லாமல் காற்றிலேயே ஸ்பட்டர் செய்யலாமா?

தங்கம் என்றால் நடக்கும், மெதுவாக, மோசமாக. ஆர்கானே போடுங்கள், 99.999 சதவீதத் தூய்மை. சிலிண்டர் மாற்றியதும் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாமல் தொடங்கினால் முதல் சில கோட்டிங்குகள் கெடும்.

டி.இ.எம். கிரிட் வேலைக்கும் இதையே பயன்படுத்தலாமா?

குளோ டிஸ்சார்ஜ், அதாவது கிரிட்டை மென்மையான பிளாஸ்மாவில் வைத்தெடுக்கும் வசதி, சேர்ந்திருந்தால் பெரும் உபயோகம். கார்பன் படலம் போட்ட கிரிட் தண்ணீரை ஒட்டாது. துளி மணியாக உருண்டு நிற்கும். சில நொடிகள் பிளாஸ்மாவில் வைத்து எடுத்தால் அதே துளி பரந்து படியும், புரதமும் வைரஸும் சீராகப் பரவும். இந்தக் குணம் நேரம் ஆக ஆகக் குறையும், அதனால் கிரிட்டை உடனே பயன்படுத்த வேண்டும். உலோக ஸ்பட்டர் நடக்கும் அதே சேம்பரில் இதைச் செய்தால் சுவரில் உள்ள உலோகம் கிரிட்டில் ஏறும் வாய்ப்பு உண்டு. தனித் தலையோ தனிக் கருவியோ இருப்பது நல்லது.

ஸ்பட்டரும் கார்பனும் ஒரே கருவியில் வாங்கலாமா?

இடம் குறைவு, பயன்படுத்துவோர் சிலர்தான் என்றால் வாங்கலாம். பலர் பயன்படுத்தும் பொது ஆய்வகத்தில் தலைகளை மாற்றி மாற்றி இணைப்புகள் தேயும். கார்பன் கரி சேம்பர் முழுக்கப் படிந்து, அடுத்து வருபவரின் உலோகப் படலத்தில் அழுக்கு சேரும். அங்கே இரண்டு எளிய கருவிகள், ஒரு பெரிய கருவியைவிடப் பயன் தரும். எதுவானாலும் கண்ணாடிச் சேம்பரைக் கழற்றித் துடைப்பது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். துடைக்கச் சிரமமான கருவியை யாரும் துடைப்பதில்லை.

செய்துகாட்டும்போது என்ன கேட்க வேண்டும்?

விற்பவர் கொண்டுவரும் சாம்பிளை விட்டுவிட்டு, உங்களிடம் உள்ளதிலேயே மிகவும் படுத்துகிற சாம்பிளைக் கொடுங்கள். கூடவே ஒரு சிலிக்கான் துண்டையும் வையுங்கள், பாதியை மறைத்து. கோட் செய்த பிறகு அந்தச் சிலிக்கானை உங்கள் நுண்ணோக்கியில் 1,00,000 மடங்கில் பார்த்தால் துகளின் அளவு கண்ணெதிரே தெரிந்துவிடும். மறைத்த பகுதியின் விளிம்பை அணுவிசை நுண்ணோக்கியில் அளந்தால், அளவி காட்டிய எண் உண்மையா என்பதும் தெரியும். அதையே மூன்று முறை செய்யச் சொல்லி மூன்று எண்களையும் ஒப்பிடுங்கள்.

டார்கெட் விஷயமும் கேளுங்கள். 57 மில்லிமீட்டர் விட்டம், 0.1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தங்க டார்கெட்டில் கிட்டத்தட்ட 5 கிராம் தங்கம் இருக்கிறது. அது முழுவதும் தேயாது. காந்தம் இருக்கும் இடத்துக்கு நேராக ஒரு வட்டப் பள்ளம் விழுந்து, அங்கே ஓட்டையானதும் மாற்ற வேண்டியதுதான். அந்தக் கருவிக்கு மட்டுமே பொருந்தும் விசித்திர அளவு டார்கெட்டாக இருந்தால் காலம் முழுக்க ஒரே இடத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பழைய கருவி ஒன்று கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், கசிவைச் சோதித்த பிறகு. சேம்பரைத் துடைத்து, பல மணி நேரம் வெற்றிடத்தில் ஓடவிட்டு, பம்புக்குப் போகும் வால்வை மூடிவிட்டு அழுத்தம் ஏறுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வேகமாக ஏறி, பிறகு மெல்ல மெல்லத் தணிந்தால் அது சுவரிலிருந்து வரும் ஈரம். இன்னும் கொஞ்சம் ஓடினால் சரியாகும். ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டே போனால் கசிவு. பெரும்பாலும் ரப்பர் வளையத்தில் ஒரு மயிரிழையோ கீறலோ இருக்கும், மாற்றினால் போதும். வளையத்தை மாற்றியும் நிற்கவில்லை என்றால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.